வாடல் தாங்கும் ரகம்தான் விதைச்சேன், காய் பிடிக்கிற நேரத்துல ஏன் செடி செடியா காயுது?

#1 ஆணிவேர்

வணக்கம். இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பத்தான் முதல்முறையா எழுதுறேன்.

கொண்டைக்கடலை, மானாவாரி. விதைச்சு 75 நாள் ஆச்சு. பூ முடிஞ்சு காய் பிடிக்குது. கடைசி மழை பெய்ஞ்சு அஞ்சு வாரம். மதியம் 35, 36 டிகிரி போகுது. போன வாரம் வரைக்கும் பச்சையா நின்ன வயல்ல இப்ப அங்க ஒண்ணு இங்க ஒண்ணா செடி காயுது. இலை உதிரல, வைக்கோல் நிறத்துக்கு மாறி அப்படியே செடியிலேயே நிக்குது. பக்கத்துச் செடி பச்சையா இருக்கு. நாலஞ்சு நாள்ல ஒரு செடி முடிஞ்சிடுது.

வாடல் நோய் தாங்கும்னு சொல்லித்தான் விதை குடுத்தாங்க. இது வாடலா, வறட்சியா? ஒரு தண்ணி கட்டலாமா? கட்டுறதுக்குக் கிணத்துல கொஞ்சம் இருக்கு.

#2 மேழி

அஞ்சு வாரம் மழையில்லன்னா வேற என்ன கேள்வி? தாகம்தான். கட்டுங்க தண்ணிய.

#3 ஒத்தைஏர்

கட்டாதீங்க! கடலைக்குத் தண்ணி கட்டித்தான் வேர் அழுகும். ஒரு வருஷம் ஆசைப்பட்டுக் கட்டி, பாதி வயல் போன அனுபவம் எனக்கு இருக்கு. அழுகல்னாலே ஈரம்தான் காரணம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

#4 பூசணக்கண்ணாடி

ரெண்டு பேரும் செடியைப் பார்க்காமலே மருந்து எழுதிட்டீங்க. ஆணிவேர், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். காய்ந்துகொண்டிருக்கும் செடிகளில் பத்து எடுங்கள். முழுசாகச் செத்தது வேண்டாம், பாதி காய்ந்தது போதும். அஞ்சு செடியைக் கையால் பிடித்து இழுங்கள். மீதி அஞ்சை மண்வெட்டியால் சுற்றி வெட்டி, மண்ணோடு தூக்கி, வேரைக் கழுவுங்கள். பிறகு இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இழுக்கும்போது ஆணிவேர் பாதியில் முறிந்து, மிச்சம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறதா? கழுவிய வேரில் பக்க வேர்கள் இருக்கின்றனவா, அல்லது எலிவால் மாதிரி மொட்டையாக இருக்கிறதா? வேர்ப் பட்டையை நகத்தால் உரித்தால் உள்ளே கரித்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் இருந்தால் நல்லது.

அடுத்து, கழுத்துப் பகுதியிலிருந்து ஓர் அங்குலம் மேலும் கீழும் தண்டைக் கத்தியால் நெடுக்குவாட்டில் பிளந்து பாருங்கள். வெளியே வேர் நன்றாக இருந்து, உள்ளே மரப்பகுதியில் கரும்பழுப்புக் கோடு ஓடினால் அது பியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல். கோடு இல்லை, வேர் வளைகிறது, உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்றால் அது வெறும் தாகம்.

தாகத்தில் வாடும் செடிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒன்று விட்டு ஒன்று காயாது. மண் ஆழம் குறைந்த இடத்தில் திட்டாகத்தான் வாடும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

#5 ஆணிவேர்

பார்த்துட்டேன் சார். இழுத்த அஞ்சுல நாலு பாதியிலேயே மடக்குனு முறிஞ்சது, உலர்ந்த குச்சி மாதிரி. வெட்டி எடுத்த அஞ்சுல மூணுல பக்க வேரே இல்ல. பட்டைக்குள்ள நீங்க சொன்ன கரிப்பொடி இருக்கு. ஒண்ணை மட்டும் பிளந்தப்ப உள்ள கறுப்புக் கோடு ஓடுச்சு. மிச்சம் ஒண்ணு சுத்தமா வெள்ளையா இருந்தது, அது ஓடைக்கல் கிடக்கிற மேட்டுல நின்ன செடி.

#6 மேழி

அப்ப நானும் பத்துல ஒரு பங்கு சரி.

#7 பூசணக்கண்ணாடி

சரிதான் மேழி, அந்த ஒரு செடிக்கு நீங்கள் சொன்ன வைத்தியமே போதும்.

மற்றவற்றில் பெரும்பாலானவை உலர் வேரழுகல். பூசணத்தின் பெயர் ரைசோக்டோனியா பட்டாட்டிகோலா. மேக்ரோபோமினா ஃபேசியோலினா என்று படித்திருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதுவும் ஒரே ஆள்தான். டாபன்ஹாஸ் என்பவர் 1913-ல் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இதைக் கண்டு பெயர் வைத்தார். அந்தக் கிழங்கின் பெயர்தான் 'பட்டாட்டி'யாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொண்டைக்கடலைக்காரர்கள் பழைய பெயரை இன்னும் விடவில்லை.

பெயரில் அழுகல் இருப்பதால்தான் ஒத்தைஏர் சொல்வது போன்ற முடிவுக்கு எல்லோரும் வருகிறார்கள். ஆனால் இது ஈரத்தில் வரும் அழுகல் இல்லை. முன்னால் இருக்கும் 'உலர்' என்ற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில், வெப்பத்தையும் மண் ஈரத்தையும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். 35 டிகிரி வெப்பமும், 60 சதவீதமோ அதற்குக் குறைவோ மண் ஈரமும் சேர்ந்தபோதுதான் நோய் முற்றியது. உங்கள் வயல் இப்போது இருக்கும் நிலை கிட்டத்தட்ட அதுதான்.

நீங்கள் பார்த்த கரிப்பொடி அந்தப் பூசணத்தின் ஓய்வு முடிச்சு, ஸ்கிளிரோஷியா என்பார்கள். காய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொடர்ந்து நனைந்திருக்கும் மண்ணில் அதற்குச் சீக்கிரம் ஆயுள் முடிந்துவிடும். காய்ச்சல்தான் அதற்குச் சௌகரியம்.

#8 நாலாம்இலை

நான் தாவர நோயியல் படிக்கிறேன், ஒரு விஷயம் சேர்க்கலாமா? வறட்சி வந்த பிறகுதான் பூசணம் வேருக்குள்ள நுழையுதுன்னு நானும் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்ல. நல்லா தண்ணி கிடைக்கிற செடியிலயும் அது நுழைஞ்சிருக்கும். ஆனா வேரோட வெளிப்பக்கம், புறணியிலேயே நின்னுடும். உள்ள அகத்தோல்னு ஒரு வளையம் இருக்கு, அதைத் தாண்ட முடியாது.

டெல்லியில இருக்கிற தேசிய தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க, தண்ணி கொடுத்த வேரையும் காயவிட்ட வேரையும் நுண்ணோக்கியில பக்கத்துல வச்சுப் பார்த்து 2022-ல வெளியிட்டாங்க. வறட்சியில அந்த வளையம் விட்டுக்கொடுத்துடுது. பூசணம் உள்ள போயி நீர்க்குழாய் வரைக்கும் பரவுது. செடியோட தற்காப்பு மரபணுக்களும் மந்தமாயிடுது.

அதனாலதான் அண்ணா உங்க வயல் போன வாரம் வரைக்கும் பச்சையா இருந்தது. பூசணம் நேத்து வரல. எப்பவோ வந்து திண்ணையில உட்கார்ந்திருந்துச்சு, இப்பத்தான் கதவு திறந்திருக்கு.

#9 ஒத்தைஏர்

கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்ப நான் தண்ணி கட்டினப்ப பாதி வயல் போனது என்ன? அது கனவா?

#10 பூசணக்கண்ணாடி

கனவு இல்லை. அது வேறு நோய். எத்தனை நாள் பயிரில் போனது?

#11 ஒத்தைஏர்

ஒரு மாசம் இருக்கும். தூர்ல வெள்ளையா நூல் மாதிரி படர்ந்திருந்தது. கடுகு மாதிரி உருண்டையும் கிடந்தது.

#12 பூசணக்கண்ணாடி

அப்படியென்றால் அது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற வேறொரு பூசணத்தால் வரும் கழுத்தழுகல். ஈரமும் வேண்டும், மக்காத தட்டை, குப்பை மேல்மண்ணில் கிடக்கவும் வேண்டும். பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வந்துவிடும். நீங்கள் தண்ணீரைக் குறை சொன்னது சரி. தப்பு எங்கே என்றால், அந்த நோயில் கற்ற பாடத்தை இந்த நோய்க்கும் போட்டீர்கள்.

ரைசோக்டோனியா சொலானியால் வரும் ஈர வேரழுகலும் அதே கூட்டம்தான், ஈரம் மிஞ்சினால் வரும். தண்ணீர் தேங்கும் நிலமாக இருந்தால் பைட்டோப்தோரா அழுகலும் உண்டு, ஆஸ்திரேலியாவில் அதுதான் பெரிய தலைவலி. இவையெல்லாம் ஒரே 'வேரழுகல்' என்ற பெயரில் கிடப்பதால்தான் கட்டு, கட்டாதே என்ற சண்டை எல்லா இடத்திலும் ஓய்வதில்லை.

#13 ஒத்தைஏர்

சரி, ஒத்துக்கிறேன். வெள்ளை நூல்னா தண்ணிய நிறுத்தணும், கரிப்பொடின்னா தண்ணி இல்லாததுதான் கோளாறு. இப்படி ஒரு வரியில யாரும் எனக்கு இதுவரைக்கும் சொன்னதில்ல.

#14 கருமண்

இந்த நோயோட நான் நாலஞ்சு பருவம் மல்லுக்கட்டியிருக்கேன். பார்த்ததைச் சொல்றேன்.

எங்க மண்ணு கரிசல். காயக் காய வெடிப்பு விடும். வெடிப்புல வேர் அறுந்து தொங்குறதைக் கண்ணால பார்க்கலாம். அறுந்த இடம் பூசணத்துக்குத் திறந்த வாசல். முதல் வெடிப்பு விடுறதுக்கு முன்னாடி மேலாக ஒரு களைக்கொத்து ஓட்டி மண்ணைப் பொடியாக்கி மூடினா வெடிப்பும் குறையும், ஈரமும் சீக்கிரம் போகாது. மருந்தெல்லாம் அப்புறம்தான்.

அடுத்தது விதைக்கிற நாள். ஒரு வருஷம் முந்தின பயிர் அறுப்பு தள்ளிப்போச்சுன்னு மூணு வாரம் பிந்தி விதைச்சேன். செடி நல்லாத்தான் வந்தது. ஆனா காய் பிடிக்கிற நேரமும் வெயில் ஏறுற நேரமும் ஒண்ணா வந்து முட்டிக்கிச்சு. அதே விதை, அதே நிலம், முந்தின வருஷம் இந்த நோய் எண்ணிப் பார்க்கிற அளவுலதான் இருந்தது. அந்த வருஷம் வரப்புல நடக்கவே மனசு வரல.

அதுக்காக ரொம்ப முந்தியும் விதைக்க முடியாது. மண் சூடு ஆறாம விதைச்சா நாத்துலேயே வாடலும் கழுத்தழுகலும் வந்துடும். நடுவுல ஒரு சந்து இருக்கு. அந்தச் சந்துல புகுந்துட்டா பாதி ஜெயிச்ச மாதிரி.

செடி நெருக்கமும் பாருங்க. மண்ணுல இருக்கிற ஈரம் ஒரு குடம்தான். உறிஞ்ச ஆள் கூடினா குடம் சீக்கிரம் காலி. மானாவாரியில விதையை அள்ளிப் போடுறது, காய் பருவத்து ஈரத்தை இலை பருவத்துலேயே செலவழிக்கிறதுதான்.

#15 ஆணிவேர்

கருமண் அண்ணா, முந்தின பயிர் எனக்குச் சோளம். அது புல் வகைதானே, நோய் குறையணுமே?

#16 கருமண்

நானும் அப்படி நம்பித்தான் ஏமாந்தேன். சோளத்தட்டை அடியில ஒடிஞ்சு, பிளந்தா உள்ள நார் நாராக் கரி படிஞ்சு இருக்குமே, பார்த்திருக்கீங்களா? அதே பூசணம்தான் அது. இதுக்கு 500 வகைச் செடிக்கு மேல தீனின்னு சொல்றாங்க. எள்ளு, நிலக்கடலை, பருத்தி, சூரியகாந்தி, மக்காச்சோளம் எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. பயிரை மாத்திட்டோம்னு நாம திருப்தியா இருப்போம், அதுக்கு விருந்து மட்டும்தான் மாறியிருக்கும்.

#17 ஆணிவேர்

இப்ப என் கேள்விக்கு வரேன். கிணத்துல இருக்கிற தண்ணிய கட்டலாமா கூடாதா?

#18 பூசணக்கண்ணாடி

காய்ந்தவற்றுக்காகக் கட்டாதீர்கள். அவற்றுக்கு உறிஞ்ச வேரே இல்லை, ஊற்றினாலும் குடிக்க முடியாது. மேலே நாலாம்இலை சொன்னபடி, பச்சையாக நிற்கும் செடிகளிலும் பலவற்றின் வெளிவேரில் பூசணம் உட்கார்ந்திருக்கும். அவற்றின் உள்வளையம் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கட்டினால் இவற்றுக்காகக் கட்டுகிறீர்கள்.

காய் பிடிக்கும் பருவத்தில் செடி தன் சர்க்கரையைக் காய்க்கு அனுப்பிவிடுகிறது. வேருக்குப் பங்கு குறைகிறது, வேர்முடிச்சுகளும் ஓய ஆரம்பிக்கின்றன. வேர் பட்டினி கிடக்கும் அதே நேரத்தில் மண்ணும் காய்கிறது, வெயிலும் ஏறுகிறது. அதனால்தான் இந்த நோய் பூக்கும் வரை பதுங்கி, காய் வந்ததும் கிளம்புகிறது.

ஒரே ஒரு தண்ணீர், லேசாக. தெளிப்பான் இருந்தால் அதில் விடுங்கள். வாய்க்காலில் விட்டால் வெடிப்பு முழுக்க நிரம்பித் தேங்கும், அது வேண்டாம். மாலையில் விடுங்கள். இனிமேல் இந்தக் கேள்வியைக் காய் பருவத்தில் கேட்க வேண்டாம். மொட்டு வைக்கும்போதே மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவெடுங்கள். அப்போது கொடுக்கும் ஒரு தண்ணீர் இப்போது கொடுக்கும் இரண்டுக்குச் சமம் என்பது என் கணிப்பு. மூடாக்கு போட வழியிருந்தால் போடுங்கள். வெறும் மண்ணின் மேற்பரப்பு மதியத்தில் காற்றின் வெப்பத்தைவிடப் பத்து டிகிரிக்கு மேலேயே போகும். நாம் காற்றுக்கு 35 என்று படிக்கிறோம், பூசணம் இருப்பது மண்ணில்.

#19 வெயிலோன்

எல்லாம் சரி. வாடல் தாங்கும் ரகம்னு சொல்லி வித்தாங்களே, அதைப் பத்தி ஒருத்தரும் பேசலயே? ஏமாத்துதானே இது?

#20 நாலாம்இலை

ஏமாத்துன்னு சொல்ல முடியாது. வாடல் தாங்கும்னா பியூசேரியத்தைத் தாங்கும்னு மட்டும்தான் அர்த்தம். உலர் வேரழுகல் வேற பூசணம். அதுக்கு முழு எதிர்ப்பு உள்ள ரகமே கிடையாது, ஓரளவு தாங்குறதுதான் உண்டு.

வாடல் எதிர்ப்பும் கல்லுல எழுதினதில்ல. ஸ்பெயின்ல ஒரு சோதனை செஞ்சாங்க. அயாலான்னு ஒரு ரகம். பகல் வெப்பம் 24 டிகிரில இருந்தப்ப வாடலை ஓரளவு தாங்குச்சு. 27-க்கு ஏத்தினதும் சுத்தமா படுத்துடுச்சு. மூணே டிகிரி! அண்ணனோட வயல்ல கறுப்புக் கோடு ஓடுன அந்த ஒரு செடிக்கு இதுகூட காரணமா இருக்கலாம். இல்லன்னா அவர் நிலத்துல இருக்கிற பியூசேரியம் வேற இனமா இருக்கலாம். அந்தப் பூசணத்துல எட்டு இனம் இருக்கு, ரகம் ஒண்ணைத் தாங்கினா இன்னொண்ணைத் தாங்கணும்னு இல்ல.

#21 வெயிலோன்

வறட்சி தாங்குற ரகம் போட்டா ரெண்டும் தீருமா? ஆழமா வேர் விடுற ரகம்னு ஒண்ணு படிச்சேன்.

#22 பூசணக்கண்ணாடி

ஐசிசி 4958 என்ற ஆழவேர்க் கொண்டைக்கடலையைச் சொல்கிறீர்கள். அதன் வேர்க் குணத்தைப் பல ரகங்களுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். பூசா 10216 அப்படி வந்ததுதான். ஆழவேர் செடிக்குத் தாகம் தள்ளிப்போகும், அந்த அளவுக்கு லாபம். ஆனால் பூசணம் பெரும்பாலும் மேல்மண்ணில் இருக்கிறது. ஆழவேரும் மேல்மண்ணைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். வறட்சி தாங்கும் என்பதை நோய் தாங்கும் என்று படிக்காதீர்கள்.

எதிர்ப்பு ரகம் ஏன் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாற்றின் வேரைப் பூசணக் கரைசலில் நனைத்து, ஈரத் தாளில் சுருட்டி, 35 டிகிரியில் ஒரு வாரம் வைத்துத் தேர்வு செய்வது நீண்டகால வழக்கம். வேகமான முறைதான். ஆயிரக்கணக்கான விதை வகைகளைச் சலிக்க அதுதான் வழி. ஆனால் அங்கே வெயில் இருக்கிறது, வறட்சி இல்லை. நாற்று இருக்கிறது, காய் இல்லை. இந்த நோயின் பாதி முகத்தை மறைத்துவிட்டுப் பரீட்சை வைக்கிறோம். காயவிட்ட தொட்டியில், காய் பருவம் வரை வைத்துப் பார்க்கும் முறைகள் இப்போதுதான் வருகின்றன.

#23 மேழி

நோய்ப் பூசணத்தை அடக்கும்னு சொல்ற டிரைக்கோடெர்மா பொடியை நான் போட்டுப் பார்த்தேன். ஒரு பிரயோசனமும் இல்ல. பொடிக்குச் செலவழிச்சதுதான் மிச்சம்.

#24 கருமண்

எப்படிப் போட்டீங்க?

#25 மேழி

நோய் கண்டப்புறம் தண்ணியில கலக்கி செடி தூர்ல ஊத்தினேன். வேற எப்படி?

#26 கருமண்

அதான். அதுவும் ஒரு பூசணம்தானே மேழி அண்ணே, அதுக்கும் ஈரம் வேணும். கொதிக்கிற மண்ணுல போட்டா நல்லவன் சாவான், கெட்டவன் தூங்கி எந்திரிப்பான். காய்ஞ்ச மண்ணுல இவங்க சண்டையில எப்பவும் அவன் கைதான் மேல.

விதைநேர்த்தியாப் போடணும், கிலோ விதைக்கு 4 கிராம். கூடவே ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ நல்லா மக்கின தொழு உரத்துல கலந்து, நிலத்துல ஈரம் இருக்கிறப்பவே இடணும். வெயில் வர்றதுக்கு முன்னாடி அது வேரைச் சுத்தி குடியேறிடணும். மக்காத எருவுல கலந்தீங்கன்னா ஒத்தைஏர் பட்ட பாடுதான், வெள்ளை நூல் வரும்.

ரசாயன மருந்துல விதைநேர்த்தி பண்றவங்க இதையும், வேர்முடிச்சுக்குப் போடுற ரைசோபியம் நுண்ணுயிரையும் அதே கையோட கலக்காதீங்க. மருந்து முதல்ல, ரைசோபியம் கடைசில, விதைக்கிறதுக்குச் சித்த முன்னாடி.

#27 ஒத்தைஏர்

என் பேரை ஒரு நோய்க்கு வச்சுடுவீங்க போலிருக்கே.

#28 ஆணிவேர்

மூணு நாள் ஆச்சு, நிலவரம் சொல்லிடுறேன். கிழக்குப் பாதிக்கு மட்டும் தெளிப்பான்ல ஒரு தண்ணி விட்டேன், மேற்குப் பாதியை அப்படியே விட்டேன். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னுதான். கிழக்குல காய ஆரம்பிச்ச செடி ஒண்ணும் மீளல, சார் சொன்ன மாதிரியே. புதுசா காயுறது அங்க குறைஞ்ச மாதிரி தெரியுது. ஆனா மூணு நாள்ல எதுவும் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் குச்சி நட்டு நூறு நூறு செடி குறிச்சிருக்கேன், அறுக்கிற வரைக்கும் எண்ணுவேன்.

காய்ஞ்ச செடிகளை என்ன பண்றது? பிடுங்கி வெளிய கொண்டுபோய் எரிச்சிடலாமா?

#29 பூசணக்கண்ணாடி

குறித்து வைத்தது நல்ல வேலை. குச்சி நட்ட இடத்தில் மண் ஆழத்தையும் ஒரு கம்பியால் குத்திப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தண்ணீரால் குறைந்ததா, ஆழத்தால் குறைந்ததா என்று பின்னால் தெரியாது.

எரிப்பது சரி. ஆனால் இழுத்துப் பிடுங்காதீர்கள்.

#30 ஆணிவேர்

ஏன் சார்?

#31 பூசணக்கண்ணாடி

நீங்களே எழுதினீர்களே, அஞ்சில் நாலு பாதியில் முறிந்தது என்று. கரிப்பொடி எந்தப் பாதியில் இருக்கிறது?

#32 ஆணிவேர்

மண்ணுக்குள்ள நின்னுபோன பாதியில. புரிஞ்சது. மண்வெட்டி எடுத்துட்டுப் போறேன்.